கேள்வி பதினேழு

புளியந்தோப்பு போர்டு குடியிருப்பில்
லிப்ட் என்பது கீழே நிற்கும் ஓர் அலமாரி.
துடைப்பமும் ஒரு கேரம் போர்டும் அதில் வைத்திருக்கிறார்கள்.
நான்கு மாடி ஏறி
மூச்சு அடங்கும் முன்பே டேப்லட்டைத் திறக்கிறேன்:
எண் 0412. தாய் எப்சிபா.
பிள்ளை ரோஷன், நாலு வயது இரண்டு மாதம்.

முதலில் விளையாட்டு.
மூன்று எவர்சில்வர் கிண்ணம், ஒன்றின் அடியில் நீலப் பட்டன்.
நகர்த்துகிறேன். எங்கே சொல்லு?
அவன் கிண்ணத்தைப் பார்க்கவில்லை.
என் கண் எந்தப் பக்கம் நழுவுகிறதென்று பார்க்கிறான்.
மூன்று தடவையும் சரி.
இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

பத்துப் படத்தில் நான்குதான் ஞாபகம் வைத்திருந்தான்.
ஆட்டோ, முட்டை, குடை,
மறுபடி ஆட்டோ.
அதற்குக் கட்டம் இருந்தது.

பதினேழாவது கேள்வி அம்மாவுக்கு.
வயிற்றில் தங்கிய நாளிலிருந்து ஆயிரம் நாள்,
சர்க்கரை எவ்வளவு?
தினமும். வாரம் இருமுறை. எப்போதாவது.
"கரண்டிக் கணக்கா, கிலோக் கணக்கா?" என்று சிரித்தாள்.

அப்புறம் சிரிக்காமல் சொன்னாள்.
ஆறாம் மாதமே வேலைக்குப் போனது.
விமான நிலையத்தில் ராத்திரி ஷிப்ட், தரை துடைக்கிற மெஷின்.
மார் கட்டிக்கொண்டு வலிக்க
பாத்ரூமில் பீச்சிவிட்டுத் தண்ணீர் திறந்துவிட்டது.
வீட்டில் அவன் அப்பா
டீயில் பன்னை நனைத்து நனைத்து
அழுகையை நிறுத்தியது.
ரேஷன் சர்க்கரை இருபதாம் தேதிக்குள் தீர்ந்தது.
"எப்போதாவதுன்னு போட்டுக்கோங்க," என்றாள்,
"எனக்குத் தூக்கமே எப்போதாவதுதான்."

தரமணிப் பயிற்சி அறையில் படம் போட்டுக் காட்டினார்கள்:
ஞாபகம் குடியிருக்கும் இடம்
மூளைக்குள் கடல்குதிரை மாதிரிச் சுருண்டிருக்கிறது.
எலிக்குட்டிகளுக்கு இனிப்புத் தண்ணீர் கொடுத்தபோது
வளர்ந்தபின் அவை வழி மறந்தன.
பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் உறுதியில்லை,
அதற்குத்தான் நீங்கள் என்றார் மருத்துவர்.
இடைவேளையில் ஆளுக்கொரு ஜாங்கிரி.

"மொத மொதல்ல நாக்குல வெச்சது எங்க மாமா,"
எப்சிபா தொடர்ந்தாள்.
"டெல்லிபாபு. காசிமேட்டுல மீன் ஏலம் எடுக்கறவரு.
பேப்பர் பேனா கிடையாது, எல்லாம் தலையிலயே கணக்கு.
அவரு சேனை வெச்சா அவரு மூளை வரும்னு
சக்கரத் தண்ணியில விரல முக்கி வெச்சாரு."

இப்போ எப்படி இருக்கிறார்?

"சக்கர.
ரெண்டு விரல் எடுத்துட்டாங்க."

கால்விரல்தான்.
ஆனால் நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன்.

"ஒங்களுக்கு யாரு வெச்சாங்க சேனை?"

எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி.
கோஷா ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு மயக்கம் தெளியவில்லை.
ஒரு நர்ஸ், பஞ்சில் தொட்டு, குளுக்கோஸ்.
பெயர் யாருக்கும் தெரியாது.
என் பொறுமையும் என் முன்கோபமும்
திருவல்லிக்கேணியில் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறிய
யாரோ ஒருத்தியுடையது.

டீ வந்தது. அரைச் சர்க்கரை என்றேன்.
விருந்தாளிக்கு அரையா என்று
இரண்டு கரண்டி போட்டிருந்தாள்.
குடித்தேன், நன்றாகவே இருந்தது.

பதினேழைத் தாண்டாமல் பதினெட்டு திறக்காது.
"தினமும்" என்று தொட்டேன்.
பச்சை விளக்கு எரிந்தது,
ஆயிரம் இரவும் ஒரு சொல்லில் அடங்கியது போல.

இரண்டாம் மாடி. எண் 0413.
புதிய பிள்ளை, அதே மூன்று கிண்ணம்.
கவிழ்க்கப் போகும்போதுதான் தெரிகிறது:
பட்டனைக் காணோம்.

மேலேயிருந்து படிக்கட்டு வழியே
அடக்க முடியாத ஒரு சிரிப்பு இறங்கி வந்தது.